அந்தாளு பாட்டை எடுத்துடு

பென் டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் தொழிலில் எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் விசைப்படகு ஏழுமலை. பெயரை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். கடைக்காரக் கிழவனுக்கு வயசாகிவிட்டது, மறந்திருப்பான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால் அது நடக்காது.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சந்தில் என் கடை. ஒரு ஆள் உட்காரலாம், ஒரு கம்ப்யூட்டர் வைக்கலாம். வாடிக்கைக்காரர்கள் சந்தில்தான் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் கேசட் பதிவு செய்து கொடுத்தேன். பிறகு சிடி. இப்போது பென் டிரைவ், மெமரி கார்டு. எது மாறினாலும் ஊரில் என் பெயர் 'கேசட்டு'தான். எல்லாப் பாட்டும் போனிலேயே வரும்போது உன்னிடம் எவன் வருகிறான் என்று கேட்பீர்கள். கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் போனில் சிக்னல் செத்துவிடும். விசைப்படகுகள் நாள்கணக்கில் கடலிலேயே கிடக்கும். வலையை இறக்கிவிட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு போகும்போது சுக்கான் பிடிக்கிறவன் கண் அசராமல் இருக்கப் பாட்டு வேண்டும். மீனை ரகம் பிரிக்கும்போது கை ஓடப் பாட்டு வேண்டும். அதைக் கரையிலிருந்தே கொண்டுபோயாக வேண்டும். என் சோறு அங்கேதான் இருக்கிறது.

சலூன் வைத்திருப்பவர்கள், டீக்கடையில் ஸ்பீக்கர் கட்டியிருப்பவர்கள், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர்கள் எல்லாரும் இந்தத் தொல்லையைப் பட்டிருப்பீர்கள். பாட்டு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். திடீரென்று பாடுகிறவர் யார் என்று ஞாபகம் வரும், அவர் எந்த மேடையில் ஏறினார் என்றும் ஞாபகம் வரும். ஆடின தலை அப்படியே நின்றுவிடும். மாற்று என்பார். மாற்றினால் அடுத்தவர் கோபித்துக்கொள்வார்.

எனக்கு வந்த தொல்லை ஒரு பாடகரால் வந்தது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் ஒரு பக்கம் போய் நின்றுகொள்வீர்கள். குரல் பிடிக்கும், கட்சி பிடிக்காது என்று உங்களுக்கும் யாராவது ஒருவர் இருப்பார். அவரை அந்த இடத்தில் வைத்துப் படியுங்கள், எல்லாம் சரியாகப் பொருந்தும். தேர்தல் நேரத்தில் அவர் தன் கட்சிக்காகத் திருவொற்றியூரில் மேடையேறி, சரக்குக் கப்பல் துறைமுகத்தை இன்னும் நீட்டினால் மீனவனுக்கு நல்லதுதான், எதிர்க்கிறவர்கள் யாரோ தூண்டிவிட்ட ஆட்கள் என்று பேசிவிட்டார். அந்தத் திட்டத்தை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். போலீஸ் வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்துவைத்து, சாயங்காலம் விட்டார்கள். என்னை யாரும் தூண்டிவிடவில்லை. அவர் பேசியது பொய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் பாடினால் நன்றாக இருக்கும், அதிலும் சந்தேகம் இல்லை.

ஏழுமலை வந்த காலை

அந்தப் பேச்சு எல்லார் போனிலும் சுற்றிய மறுநாள் ஏழுமலை வந்தான். சொந்தப் படகு, அவனேதான் ஓட்டுவான். எனக்கு நெடுநாள் வாடிக்கை. பென் டிரைவை மேஜையில் போட்டு அந்தாளு பாட்டை எடுத்துடு என்றான். அவன் குரல் வருகிற எதுவும் இருக்கக் கூடாது என்றான். எடுத்தேன். அவன் பென் டிரைவ், அவன் காது, நான் யார் கேட்பதற்கு? அதோடு போயிருந்தால் இன்றைக்கும் நாங்கள் ஒன்றாக டீ குடித்துக்கொண்டிருப்போம். அவன் என் கம்ப்யூட்டரைக் காட்டி, இதிலிருந்தும் அழி என்றான். இனிமேல் இந்தச் சந்திலிருந்து எந்தப் படகுக்கும் அந்தப் பாட்டு போகக் கூடாதாம்.

அது மட்டும் முடியாது, அந்தாளு பேசினதுக்காகப் பாட்டை ஏன் அழிக்க வேண்டும் என்றேன். உனக்கு வேண்டாம் என்று நீ சொல், அடுத்தவனுக்கு வேண்டாம் என்பதை அடுத்தவன் வந்து சொல்லட்டும் என்றேன். உன் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்தவன்தானே நான் என்றும் சொன்னேன். அவன் ஐஸ் இறக்குகிறவர்களும் மீன்கூடைப் பெண்களும் நின்றிருந்த பக்கம் திரும்பிக்கொண்டு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னான்:

"பாத்துக்கோங்கபா, இவன் இன்னாத்துக்கு இந்தத் துடி துடிக்கிறான்? துறைமுகத்துக்காரன் துட்ட துன்னுட்டு கீறான் கேசட்டு."

கட்சிக்கு முன்னால், கட்சிக்குப் பின்னால்

படகுக்காரர்களிடம் ஏழுமலை பேச்சு எடுபடும். அடுத்த நாளிலிருந்து ஒரு படகும் என் பக்கம் வரவில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு போன் கடையில் போய்ப் பாட்டு ஏற்றிக்கொண்டார்கள். வியாபாரம் போனது ஒரு பக்கம். எனக்கு ஆறாதது அந்த வார்த்தை. எந்த வாய் சொன்னதோ அந்த வாய் அதே இடத்தில் நின்று, அதே ஆட்கள் காதில் விழுகிற மாதிரி, அதைத் திரும்ப எடுக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியவர்கள் டிரெய்லர் லாரி ஓட்டுபவர்களும் ஷேர் ஆட்டோக்காரர்களும்தான். ஆனால் அவர்களும் சும்மா வரவில்லை. டோல்கேட்டிலிருந்து பாரிஸ் கார்னருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிற தேவராஜ் ஒரு நடுவழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். பாடகர் கட்சியில் சேருவதற்கு முன்னால் பாடியது மட்டும் வேண்டும், பின்னால் பாடியது வேண்டாம். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எது எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாது, நீயே சொல் என்றேன். அவனும் ஒவ்வொன்றாகக் கேட்டு இது முன்னால், இது பின்னால் என்று பஞ்சாயத்து செய்தான். பிடிக்காத பாட்டெல்லாம் பின்னால் போனதை நான் கவனித்தேன், கேட்கவில்லை.

ஒரு பாட்டில் மாட்டிக்கொண்டான். அவனுக்கு உயிர் அந்தப் பாட்டு. பாடினது சேருவதற்கு முன்னால், படம் வந்தது சேர்ந்ததற்குப் பின்னால். மச்சானுக்குப் போன் போட்டு விசாரித்தான். சந்திலேயே நடந்தான். ஆட்டோவில் உட்கார்ந்திருந்தவர்கள் சத்தம் போட ஆரம்பித்ததும் வந்து தீர்ப்பு சொன்னான்:

"பாடுறப்ப அந்தாளு ஒயுங்காத்தான் இருந்துகீறாருண்ணா, போட்டுடு. பாசெஞ்சர் யாராச்சும் கேட்டா கேசட்டு தெரியாம ஏத்திட்டாருன்னு உன் மேல சொல்லிக்கிறேன்."

காதுக்காக இல்லை

பாடகர் சேர்ந்த கட்சியைச் சேர்ந்த வட்டப் பொறுப்பாளர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு வந்தார். அந்தாளு பாட்டு இருக்கிற எல்லாவற்றையும் போடு, பிரசாரப் பூத் வாசலில் காலையிலிருந்து ஓட வேண்டும் என்றார். சரியாக வருகிறதா என்று ஒன்றைப் போட்டுக் காட்டினேன். வேப்பங்கொட்டையைக் கடித்த மாதிரி முகம் போயிற்று. அவர் டோலக் அடிக்கிற கானாவில் வளர்ந்தவர். இழுத்து இழுத்துப் பாடினால் சாவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். சாவு வீட்டில்கூட இதைவிட நன்றாகப் பாடுவார்களாம்.

கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போங்களேன் என்றேன். அது முடியாது, மேலிடத்து ஆள் வந்து பார்ப்பார் என்றார். எனக்கு அவர் மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது. ஏழுமலைக்குப் பிடித்த பாட்டைக் கேட்க வழியில்லை. இவருக்குப் பிடிக்காத பாட்டைக் கேட்காமல் இருக்க வழியில்லை. இரண்டு பேர் காதுக்கும் வேறு யாரோ சாவி வைத்திருக்கிறார்கள். அவர் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்:

"கட்சிக்கோசரம் கேக்குறேன் நைனா, காதுக்கோசரம் இல்ல. எலெக்சன் முடியட்டும், அப்பால நானே வந்து பாட்ட அயிச்சிக்கினு போறேன்."

பாய் போட்ட கணக்கு

ராயபுரத்தில் வலைக்கயிறும் மிதவையும் விற்கிற பாய் எனக்கு நெடுநாள் தோஸ்து. அந்தக் கட்சிமேல் அவருக்குச் சொந்தக் கோபமே நிறைய உண்டு. அவருடைய ஆட்களைப் பற்றி அந்தக் கட்சி மேடைகளில் பேசாத பேச்சில்லை. ஆனாலும் கடையில் கயிறு அளக்கும்போது அந்தப் பாடகர்தான் பாடிக்கொண்டிருப்பார். எப்படி பாய் மனசு வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். கோபத்தைச் சாயங்காலத்துக்கு வைத்திருக்கிறேன், பகலில் வேலை இருக்கிறது என்றார்.

அவர் என் கடையில் நின்றபோது ஏழுமலை படகில் வேலை செய்கிற ஒருவன் அந்தப் பக்கம் போனான். நின்று, பாய்க்கு நியாயம் சொன்னான். பாட்டைக் கேட்டால் அந்தப் பாடகனுக்கு நாம் சோறு போடுகிற மாதிரி, அதனால்தான் இந்தக் கடையைப் புறக்கணிக்கிறோம் என்றான். பாய் பொறுமையாகக் கேட்டார். நீ அந்தத் தண்டையார்பேட்டைக் கடையில் ஏற்றினதை விடு, வீட்டில் போனில் பாட்டு கேட்கிறாயா என்றார். கேட்கிறேன் என்றான். அதில் நடுவில் விளம்பரம் வருகிறதா என்றார். வருகிறது என்றான். அந்தக் காசில் பாடுகிறவனுக்குப் பங்கு போகும் இல்லையா என்றார். போகும் என்று இழுத்தான். பாய் என் தோளில் கை வைத்தார். என் தொழிலை இப்படித் தூக்கி வைத்து மிதித்தவர் வேறு யாரும் கிடையாது:

"கேசட்டுகிட்ட ஏத்திக்கினா அந்தாளுக்கு ஒரு நயா பைசா போவாது மாமு. இத்தவிட பெரிய பாய்காட்டு இன்னா கீது?"

செல்வி கொண்டுவந்த கார்டு

செல்வி கூடை மீன் விற்கிறவள். எண்ணூர்ப் பக்கம் கடலை ஒட்டி அவள் வீடு இருந்தது. அந்தத் துறைமுகத்துக்காக முன்பே கல் கொட்டி முடித்த பிறகு கடல் அந்தக் கரையை அரிக்க ஆரம்பித்தது. முதலில் வாசல் போனது, பிறகு சமையற்கட்டு, ஒரு மழைக்காலத்தில் மிச்சமும் போனது. இப்போது உள்ளே தள்ளி வாடகைக்கு இருக்கிறாள். போனிலிருந்து கழற்றின மெமரி கார்டை நீட்டி, அந்தாளு பாட்டை எடுத்துடுண்ணா என்றாள். அவள் கல்யாணத்தில் அந்தப் பாடகர் பாட்டைத்தான் போட்டார்கள், ஏற்றிக் கொடுத்தது நான்தான். நீயும் ஏழுமலை பேச்சைக் கேட்டு வந்துவிட்டாயா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. ஏழுமலை என்ன சொன்னார் என்றே தெரியாது என்றாள். மற்றவர்கள் கேட்கட்டும், எனக்கு மட்டும் எடுத்துவிடு என்றாள். வாதாடிப் பழகின என் வாய் அங்கே வாதாடவில்லை. வாதாடவும் கூடாது. ஒவ்வொன்றாக எடுத்தேன். கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்:

"பாட்டு நல்லாத்தாண்ணா கீது, நான் இல்லன்னு சொல்லல. என் வூடு போன எடத்துக்குப் பக்கத்துல நின்னுக்கினு அந்தக் கொரலு 'நல்லதுதான்'னு சொல்லிச்சி. இப்ப அது இன்னா பாடினாலும் எனக்கு அதுதான் கேக்குது."

கடலில் நடந்தது

பகையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். விம்கோ நகரில் என் எதிர்வீட்டுக்காரர் தண்ணீர் லாரி வரிசையில் என் குடத்தைத் தள்ளிவைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அவரோடு பேச்சு கிடையாது. ஆனால் அவர் வீட்டில் வஞ்சிரம் குழம்பு கொதிக்கும்போது நான் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை. பகை ஆளோடு. செல்விக்கு அந்தக் குரலே ஆள் மாதிரி வந்து நிற்கிறது, அது வேறு. ஏழுமலைக்கு அப்படி இல்லை. அவன் அந்தப் பாட்டில் ஊறினவன். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அவன் படகில் வலை இழுக்கிற குமரேசன் எனக்குச் சொன்னது இது. அன்றைக்கு நான் ஏழுமலை சொன்னபடி அந்தக் குரல் வருகிற எதையும் விடாமல் எடுத்தேன் அல்லவா? அதில் ஜோடிப் பாட்டெல்லாம் போய்விட்டது. பெண் குரலும் கூடவே போய்விட்டது. மிஞ்சினது கொஞ்சம் சாமி பாட்டும் காமெடி வசனமும்தான். எடுக்கும்போதே சொல்ல வாயைத் திறந்தேன், கேட்கிற நிலையில் அவன் இல்லை. கடலுக்குப் போன பிறகு ஒரே காமெடியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, சிரிப்பு வருவது நின்று, எரிச்சல் வந்து, ஒருவரையொருவர் அந்த வசனத்தாலேயே திட்டிக்கொள்ள ஆரம்பித்தார்களாம். கடைசியில் பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டார்கள்.

வலை கனத்துக்கொண்டு மேலே வந்தபோது கைகள் ஒன்றாக இழுக்க வேண்டும். அதற்கென்று எப்போதும் போடுகிற பாட்டு ஒன்று உண்டு, அந்தாளுடையதுதான். குமரேசன் தன்னையறியாமல் வாயால் எடுத்திருக்கிறான். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பாட்டின் அடுத்த அடி சுக்கான் அறையிலிருந்து வந்தது. கணீரென்று, அந்தாளு இழுக்கிற மாதிரியே இழுத்து, ஏழுமலை பாடிக்கொண்டிருந்தான். எல்லாரும் பாடுவதை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாயை மூடிக்கொண்டு, வலையைப் பாருங்கடா, என் மூஞ்சியில் என்ன மீனா கீது என்று கத்தினானாம். குமரேசன் இதைச் சொல்லிவிட்டு என் கம்ப்யூட்டரைப் பார்த்தான்:

"பென் டிரைவ்ல அயிக்கலாம்ணா, பட்டனு கீது. வாய்ல கீறத எங்க அயிக்கிறது?"

தடைக்காலம் முடிகிற நாள்

வருஷத்தில் ஒரு பருவம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தத் தடை முடிகிற நாளில் காசிமேடே ரோட்டில் நிற்கும். ஐஸ், டீசல், அரிசி, தண்ணீர் எல்லாம் படகில் ஏறும். என் கடைக்கு அதுதான் தீபாவளி. இந்த முறை யாராவது வருவார்களா என்று காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தேன். வராவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டோடு இருந்துவிடுவது என்று முடிவு. முதலில் ஒருவன் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு பென் டிரைவை நீட்டினான். தண்டையார்பேட்டைக் கடைக்காரன் ஏற்றிக் கொடுப்பதெல்லாம் ஒரே இரைச்சல் என்றான். அவனைப் பார்த்து இன்னொருவன். மத்தியானத்துக்குள் சந்து நிறைந்துவிட்டது. ஏழுமலை போட்ட தடையும் மீன்பிடித் தடையும் ஒரே நாளில் முடிந்தன.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏழுமலை வந்தான். பென் டிரைவை மேஜையில் வைத்தான், இந்த முறை போடவில்லை. எல்லாம் ஏத்து என்றான். எல்லாம் என்றால் என்று கேட்டேன். அந்தாளு பாட்டும்தான் என்றான், என்னைப் பார்க்காமல். நான் எத்தனை நாள் இதற்காகக் காத்திருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஐஸ்காரர்கள் இருந்தார்கள், மீன்கூடைப் பெண்கள் இருந்தார்கள், இடமும் அதே இடம். பென் டிரைவைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு இங்கே நின்று ஒரு வார்த்தை சொன்னாய், அதை இங்கேயே நின்று எடு, அப்புறம் பாட்டு என்றேன்.

எந்த வார்த்தை என்று அவன் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவன் யோக்கியன், அதையும் எழுதிவிடுகிறேன். கழுத்தைத் தடவிக்கொண்டான். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் அன்றைக்கு மாதிரியே சந்துப் பக்கம் திரும்பி, அன்றைக்கு மாதிரியே எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்:

"அந்தாளு பேசுனதுக்காக அந்தாளு பாட்ட அயிக்கக் கூடாதுன்ன. அப்ப நான் பேசுனதுக்காக எனக்குப் பாட்டு இல்லன்னு நீ எப்படிச் சொல்லுவ கேசட்டு?"

சந்தில் யாரும் அவனைப் பார்க்கவில்லை, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பென் டிரைவை எடுத்துச் செருகினேன். அந்தப் பாடகர் பாட்டு ஒன்று விடாமல், ஜோடிப் பாட்டெல்லாம் சேர்த்து ஏற்றினேன். வலை இழுக்கிற பாட்டை முதலில் வைத்தேன். ஏறி முடிகிறவரை அவன் அங்கேயேதான் நின்றான். அந்த வார்த்தையை எடுக்க அதைவிட நல்ல நேரம் வராது. எடுக்கவில்லை. பென் டிரைவை வாங்கிக்கொண்டு படகுக்குப் போய்விட்டான்.

ஆக, பாட்டு வேறு, ஆள் வேறு என்ற வழக்கில் ஜெயித்தது நான், பாட்டை வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனது ஏழுமலை, அவன் எனக்குத் தரவேண்டிய அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் கரைக்கு வரவில்லை.